இறப்பு அறிவிப்பில் இடம்பெறாத மரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் இறப்பு அறிவிப்புப் பகுதியில் என் தந்தையாரின் படம் வெளிவந்தது. பெயர், வயது 76, மனைவி மக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் நேரம் ஆகியவற்றோடு அந்தச் சிறு கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. அதில் அடங்காமற்போன ஒன்றைச் சொல்லவும், அதையொட்டி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அப்பா வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில். பிரிட்டிஷார் சிங்கப்பூரைவிட்டு வெளியேறப்போவதாக 1968இல் அறிவித்து 1971இல் படைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது தாத்தா வேலையிழந்தார். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து ஓய்வுபெறும்வரை அதே தொழிலில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் தீப்பொறியைப் பார்க்கும் கண்ணுக்கு ஏழாம் நாள் பச்சையைக் காட்டாவிட்டால் பாவம் என்பார். அவருடைய இளமையில், 1960களில், செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடுதான் இன்று ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிற்கிறது. மரத்தைத் தன் பெயரிலேயே சுமக்கும் கோயில் என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. பங்குனி உத்திரத்தன்று பால்குடம் எடுத்து வருவோருக்கு மோர் ஊற்றிக்கொண்டே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தப் பெயர்க்காரணத்தைச் சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் கூடும். தொடக்கத்தில் அப்பாவும் எதிர்வீட்டுச் சீனப் பெரியவரும் மட்டுமே இருந்த அந்தக் கூட்டம், நாளடைவில் இருபது பேரைத் தாண்டியது. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக் காட்டுப்பாதை, 163 மீட்டரே உயரமானாலும் மூச்சுவாங்க வைக்கும் புக்கிட் தீமா குன்று, செம்பவாங் கடற்கரை என்று அவர்கள் போகாத இடமில்லை. மலாயா ரயில் 2011ஆம் ஆண்டு ஜூலை முதல் உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டபின், தண்டவாளம் அகற்றப்பட்டுப் பசுமைத்தடமாகிய 24 கிலோமீட்டர் பாதையை நான்கு ஞாயிறுகளில் நடந்து முடித்தார்கள். ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்த அத்தை வீட்டுக்குச் சிறுவயதில் அதே தடத்தில் ரயிலேறிப் போனவர், புக்கிட் தீமா இரும்புப் பாலத்தின்மேல் நின்று கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில், புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரை, கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்கு உள்ளாகப்போகிறது என்று கேள்விப்பட்டதும், புளோக்குப் பிள்ளைகள் அனைவரையும் சாங்கி முனையில் படகேற்றி, கடல் வற்றும் நேரம் பார்த்து அழைத்துச் சென்றார். முழங்கால்வரை சேற்றோடு நட்சத்திரமீனைக் குனிந்து பார்த்த அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்த டிசம்பரில் நிலமீட்பு தள்ளிவைக்கப்படுவதாக அரசாங்கம் அறிவித்தபோது, ஏதோ தாமே வழக்காடி வென்றவர்போல் வீடுவீடாகக் கேசரி கொடுத்தார். (அம்மாதான் கிண்டினார் என்பதையும் இங்கே பதிவுசெய்வது முறை.)

ஆனால் அவரோடு நடந்தவர்கள் முதலில் நினைவுகூர்வது நடையை அன்று, மரங்களின் பெயர்களை. நம் சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கும் மரத்தை ஆங்கிலத்தில் மழை மரம் என்கிறார்கள். மாலையில் இலை மூடிக்கொள்வதால் தமிழில் அது தூங்குமூஞ்சி மரம். அதே காரணத்தால் மலாயில் அது 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி. ஒரு மரம் இலை மடக்குவதை இரண்டு மொழிக்காரர்கள் இருவேறு இடங்களில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று அப்பா சொல்லும்போது, மலாய்ப் பெண்மணிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். மலாயில் தஞ்சோங் என்பது நம் மகிழம்பூ மரம். பினாகா லாவுட் என்பது தமிழாசிரியர்கள் நெய்தல் திணை நடத்தும்போது சொல்லும் அதே புன்னை. கெத்தாப்பாங் நாட்டு வாதுமை. அங்சானாவை மட்டும் வேங்கை என்று சொல்லிவிடக்கூடாது, அது வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று திருத்துவார். ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இருக்கும் தெம்புசு மரத்துக்குத் தமிழில் பெயரில்லை. தமிழார்வம் மிக்க நண்பர் ஒருவர் புதுப்பெயர் ஒன்றைப் புனைந்து கொண்டுவந்தபோது, "நாம் வருவதற்கு முன்பே பெயரோடு நிற்பவனுக்கு நாம் என்ன பெயர் சூட்டுவது?" என்று மறுத்துவிட்டார்.

அவர் மறைந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தோம். ஆறரை மணிக்கு வழக்கம்போல் கூடிய நடைக் கூட்டத்தார், அவரை ஒருமுறை வணங்கிவிட்டு ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்து, வேர்வையும் காலணிச் சேறுமாக எட்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் வழியில் உதிர்ந்துகிடந்த மகிழம்பூக்களைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். அதன் தமிழ்ப் பெயரை அவர் சரியாக உச்சரித்தபோதுதான் நான் அழுதேன்.

என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். 'மரங்களின் பயன்கள்' என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிவிடுவான். ஆனால் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயர் தாத்தா சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது. நம் பிள்ளைகளின் தமிழ் பெரும்பாலும் வகுப்பறையிலும் தேர்வுத்தாளிலும் மேடையிலும் குளிர்சாதன வசதியோடு வளர்கிறது என்பது என் எண்ணம். 2007ஆம் ஆண்டு முதல் ஏப்ரல்தோறும் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் பேச்சுப்போட்டிகளுக்கும் நாடகங்களுக்கும் குறைவில்லை. அவற்றை நான் குறைகூறவில்லை. என் மகனும் பரிசு வாங்கியவன்தான். எனினும் அமைப்புகள் சில ஒரே ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கி, பிள்ளைகளையும் முதியவர்களையும் சேர்த்து ஒரு பூங்காவுக்கோ நீர்த்தேக்கத்துக்கோ அழைத்துச் சென்று, கண்ணெதிரே நிற்கும் மரங்களைத் தமிழில் அறிமுகப்படுத்த முன்வருமானால் மகிழ்வேன். அதற்கு மேடையோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. தண்ணீர்ப் போத்தலும், பெயர் தெரிந்த முதியவர் ஒருவரும் போதும்.

அப்பாவின் குறிப்பேடு ஒன்று எங்களிடம் இருக்கிறது. மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பத்திகளாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். இத்தகைய நடைக்கு ஏற்பாடு செய்வோருக்கு அதன் நகலைத் தரச் சித்தமாக உள்ளேன். தமிழ்ப் பத்தியில் பதினோரு இடங்கள் வெறுமையாக உள்ளன. தெம்புசுக்கு எதிரே வேண்டுமென்றே ஒரு கோடு இழுத்திருக்கிறார்; மற்ற பத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தார். கடற்படைத் தளக் குடியிருப்புகளிலோ பழைய கம்பத்துக் கிராமங்களிலோ வளர்ந்த வாசகர்கள், வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்ட மரப்பெயர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவித்தால், அவற்றை அவர் விட்ட இடத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
ஈசூன்