வால்யூம் தண்டின் மேல் இருந்த கை

அன்புள்ள அக்காவுக்கு,

நாளையோடு பத்து வருடம். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வேறு சிலரும் படிப்பார்கள் என்பதால், அன்று நம் அரங்கத்தில் கூட்டம் போட்ட அந்த அமைப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர்களுக்கு ஒரு விளம்பரம், எனக்கு ஒரு வழக்கு.

போன வாரம் அதே ஆட்கள் மறுபடியும் அரங்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இப்போது செயலாளர் நான். ‘தர இயலாது’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இன்னொரு விஷயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அன்றைக்கு மைக் செட் என் பொறுப்பு. மேடைக்கு இடது மூலையில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர். வால்யூம் குமிழ் எப்போதோ கழன்று விழுந்து, வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் விரல் சுடும். நீங்கள் முன்வரிசையில் நடு நாற்காலியில். “அனுமதி கொடுத்துட்டீங்க, சரி. என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தீர்கள்.

முதல் இருபது நிமிடம் வழக்கமான சரக்குதான். பழம்பெருமை, துரோகம், இனி பொறுக்க முடியாது. பிறகு அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். “அவங்க எங்கே இருக்காங்கன்னு நான் சொல்லணுமா? எந்தத் தெருன்னு உங்களுக்கே தெரியும்.” அவ்வளவுதான். தெருப் பெயரைச் சொல்லவில்லை. அடி என்றோ உதை என்றோ சொல்லவில்லை. அரங்கம் சிரித்தது.

என் கை அந்தத் தண்டின் மேல் இருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த பிராண்டன்பர்க் தீர்ப்பை யோசித்துக்கொண்டிருந்தேன். உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அது நடந்துவிடும் வாய்ப்பும் இருக்க வேண்டும், அப்போதுதான் பேச்சைத் தண்டிக்கலாம். சரி, உடனடி என்றால் எத்தனை மணி நேரம்? ‘உங்களுக்கே தெரியும்’ என்பது தூண்டுதலா, வெறும் தகவலா? மனசுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் மேடையை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் சட்டென்று குனிந்து ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி நடித்தேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

மன்னித்துவிடுங்கள் அக்கா. அந்தக் குனிதலுக்கு.

அரங்கம் கொடுத்ததற்கும் சேர்த்துத்தானா என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குச் சிக்கல். அந்த நாட்களில், பேச விட வேண்டும் என்பதற்கு நான் ஸ்கோக்கி என்பேன்; தடுக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் வைமார், அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் இருந்த ஜெர்மனி, என்பீர்கள். 1977இல் நாஜிச் சீருடையோடு ஒரு கும்பல் அமெரிக்காவின் ஸ்கோக்கியில், வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் நிறைய வாழ்ந்த ஊரில், ஊர்வலம் போக உரிமை கேட்டது. அந்த உரிமைக்காக வாதாடிய அமைப்பின் தலைமையில் இருந்த ஆரியே நையர், குழந்தையாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். பல்லாயிரம் உறுப்பினர்கள் விலகிப் போனார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் ஊர்வலம் ஸ்கோக்கியில் நடக்கவே இல்லை என்பது வேறு கதை. நையர் மாதிரி இருக்க வேண்டும் என்று உங்களிடமே எத்தனை தடவை பேசியிருப்பேன்! அவர் தன் காயத்தை வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுத்தார். நான் உங்கள் காயத்தை வைத்து எடுத்தேன். இது புத்தியில் உறைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இன்னொன்றும் அப்போது கண்ணில் படவில்லை. அவர்கள் வாதாடியது பொதுத் தெருவுக்காக. தங்கள் அலுவலகத்தில் நாற்காலி போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துக் கொடுக்கவில்லை.

அதற்காக நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

ஹிட்லர் மேடையில் பேச 1925இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் தடை போட்டது, பிரஷ்யா மாநிலமும் போட்டது. அவர் கட்சி என்ன செய்தது? வாயில் பிளாஸ்திரி ஒட்டிய அவர் முகத்தையே சுவரொட்டியாக்கியது. உலகத்தின் 200 கோடி பேரில் இவர் ஒருவர் மட்டும் ஜெர்மனியில் பேசக் கூடாதாம் என்று வாசகம். நான் இதைச் சொல்லும்போதெல்லாம், “தடை தோத்துச்சா, தடையை 1927லயும் 28லயும் எடுத்ததால தோத்துச்சா?” என்று கேட்பீர்கள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் கேள்விக்கும் நீங்கள் பதில் சொன்னதில்லையே. மேற்கு ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1952இல் நாஜி வாரிசுக் கட்சியைத் தடை செய்தது. அதே பிரிவை வைத்து 1956இல் கம்யூனிஸ்டுக் கட்சியையும் தடை செய்ததே, அதை ஏன் எப்போதும் தாண்டிப் போவீர்கள்? (தடைகளுக்குள் வேடிக்கையும் உண்டு. 1988 முதல் 1994 வரை பிரிட்டன் தொலைக்காட்சியில், வட அயர்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிய வேண்டும் என்ற சின் ஃபெய்ன் கட்சித் தலைவர்களின் குரல் வரக் கூடாது. படத்தில் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸின் உதடு அசையும், பேசுவது வாடகைக்கு அமர்த்திய நடிகர்.)

எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. என்னோடு ஒரு நாள் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கலாம். விலகல் கடிதத்தை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினீர்கள். பிறகு, பதற்றம் வரும் என்று தோன்றினாலே கூட்டத்துக்கு அனுமதி மறுக்கலாம் என்று விதி கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். விதி வந்தது. இரண்டு வருடத்தில் அதே விதியைக் காட்டி உங்கள் தோழருடைய இரங்கல் கூட்டத்துக்கே அனுமதி இல்லை என்றார்கள். யார் மறுத்தது என்பதை இங்கே எழுத முடியாது. அந்தச் செய்தி கேட்டபோது எனக்குள் சின்னதாக ஒரு திருப்தி வந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று. செத்துப்போனவர் எனக்கும் அண்ணன் மாதிரிதான். அப்படியும் வந்தது. பொதுவில் எழுதக்கூடிய விஷயமில்லை. உங்களுக்கு எழுதுகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ருவாண்டா வானொலி பற்றிப் பிற்பாடுதான் விரிவாகப் படித்தேன். 1994 இனப்படுகொலையின்போது, கொல்லப்பட வேண்டியவர்கள் என்று அதில் பெயர்களைப் படித்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்த ஒலிபரப்பை வானத்திலிருந்தே முடக்கலாமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் பரிசீலித்து, அந்த வருடம் மே மாதம் ஒரு குறிப்பு எழுதினார்கள். செலவு அதிகம், சர்வதேசச் சட்டச் சிக்கல், வேண்டாம். கொலைகள் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வானொலியை நடத்தியவர்களைக் குற்றவாளிகள் என்று சொன்னது 2003இல். எங்கள் மைக் செட்டை அதோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம், தெரியும். ஆனாலும் அந்தக் குறிப்பைப் பற்றிப் படித்தபோது என் விரலில் அந்தத் தண்டின் சூடு தெரிந்தது.

அன்று இரவு அந்தத் தெருவில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது அந்த இன்னொரு விஷயம். அவர்களை அரசே தடை செய்ய வேண்டும் என்று ஒரு மனு சுற்றுக்கு வந்து, மூன்று நாளாக என் மேசையில் இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து உங்களுடையது. பேனாவை அழுத்தி எழுதுகிற பழக்கம் மாறவே இல்லை, தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்து தெரிகிறது. நம் அரங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, சொல்லிவிட்டேன். எங்கேயும் பேசக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை யாரிடம் எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்த்தால், இரங்கல் கூட்டத்தை நிறுத்திய அதே அரசு மேசைதான்.

உங்கள் பெயருக்குக் கீழே யாரோ எனக்கென்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள்தானோ என்று ஒரு சந்தேகம். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு மனுவை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நானே எடுத்து வருகிறேன். கதவைத் திறப்பீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் தம்பி