அலுமாரிக்குப் பின்னால் மரைக்கார்

மச்சான்,

எட்டு மாசமாக ஒரு வரியும் எழுதவில்லை, கோபிக்காதே. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் அப்படியே, மற்றவர்கள் சுகம். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை வெள்ளவத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் ஒரு கசெட். கோழி கிளறின மாதிரி உன் எழுத்து: 'கோமாளிகள் கும்மாளம் 1'. நாம் இலங்கை வானொலியில் கேட்டுச் சிரித்த அதே நகைச்சுவை நாடகம். நாடா கசங்கிக் கிடந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்து, புறக்கோட்டையில் தேடிப் பிடித்த பழைய ரெக்கோடரில் போட்டேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ராமதாஸின் குரல், அதே மரைக்கார்! அம்மா சோற்றுக் கையோடு வந்து கதவடியில் நின்றார். அப்புக்குட்டி வாயைத் திறந்ததும் சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அப்போது நாம் சிரிக்கத்தான் கேட்டோம். இப்போது வேறொன்று படுகிறது. ராமதாஸ் முஸ்லிம் மரைக்காராக, முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராக! ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேச, செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழ் பேசுகிறார். எல்லாவற்றையும் எழுதியதும் ராமதாஸ்தான். ஒருவர் வீட்டுத் தமிழை இன்னொருவர் வாயில் வைத்தும், யாரையும் மட்டம் தட்டவில்லை அந்த மனுசன். மூலைக்கடை முஸ்லிம் நானாவே ரேடியோவைக் கடை வாசல் பக்கம் திருப்பி வைத்துக் கேட்பாரே, ஞாபகமா? சானாவின் பழைய வானொலி நாடகம் 'லண்டன் கந்தையா'வுக்கு மேல் ஒன்றுமில்லை என்று சாதிக்கிற அப்பாகூட, இதற்குச் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். 1976இல் 'கோமாளிகள்' படமாக வந்தபோது என் காசில் இரண்டு தரம் பார்த்தவன் நீ. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

2016இல் ராமதாஸ் சென்னையில் காலமானபோது உனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இந்தக் குரலைக் கேட்டதிலிருந்து அது உறுத்துகிறது.

நாடா பேச்சின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது கசெட் உன்னிடம்தான். 83 ஆடிக் கலவரத்தில் கப்பலேறியபோது பையில் இரண்டு சேட்டும் அந்தக் கசெட்டும்தான் இருந்தன என்று நீயே எழுதியிருந்தாய். ரொறன்ரோ வீட்டு பேஸ்மென்ட்டில் தேடு, மச்சான். கிடைத்தால் நீ போட்டுப் பார்க்காதே, நாடா அறுந்துவிடும். டிஜிட்டலுக்கு மாற்றித் தருகிற கடையில் கொடு.

"மிச்சம் எங்கே?" என்று அம்மா தினமும் கேட்கிறார்.

உன் பள்ளிக்கூட வாங்குக் கூட்டாளி