பிளான் பாஸ் ஆகும் கதை

பசடீனா, கலிஃபோர்னியா

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நீ திட்டியதில் தப்பே இல்லை, வாங்கிக்கொள்கிறேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, “உங்க ஊர்ல ஏஐயே பிளான் பாஸ் பண்ணுதாமே, நிஜமா?” என்று. பாதி நிஜம்.

2025 ஜனவரி 7 அன்று பற்றிய தீயில், எங்களுக்கு அடுத்த ஊரான அல்டடீனாவிலும் அதைச் சுற்றியும் 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியிலும் தீ. அங்கே ஏழாயிரத்துக்குக் கிட்டத்தில். இத்தனை வீட்டுக்கும் பிளான் வந்து குவிந்தால் எந்த அலுவலகம் தாங்கும்? ஏப்ரல் கடைசியில் கலிஃபோர்னியா ஆளுநர் நியூசம் ஓர் அறிவிப்பு விட்டார்: ஆர்க்கிஸ்டார் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் மென்பொருள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கும் கவுன்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) இலவசம், நன்கொடையாளர்கள் உதவியோடு. அல்டடீனா தனி நகராட்சி இல்லை, கவுன்டியின் கீழ் வருகிறது.

அது வரைபடத்தைப் படித்து, செட்பேக் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி), உயரம் போன்றவற்றை விதிகளோடு பொருத்திப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்லும். பாஸ் போடுவது இப்போதும் மனுஷன்தான். ஃபைல் வரிசையில் போய் உட்காருவதற்கு முன்பே நம் தப்பு நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. மூன்று வாரம் காத்திருந்து, ஒரு அளவு விட்டுப்போனதற்காகத் திரும்பி வந்த ஃபைலை நீயும் நானும் எத்தனை பார்த்திருப்போம்!

நான் என் வரைபடங்களை வேறொரு செயலியில் ஓட்டிப் பார்க்கிறேன். போன மாதம் மானத்தை வாங்கிவிட்டது. மனைப்படத்தில் பக்கவாட்டு இடைவெளி ஐந்து அடி, தரைத்தளப் படத்தில் நாலரை! வீட்டுக்கார அம்மா குளியலறையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். சுவரைத் தள்ளிய நான் இன்னொரு படத்தில் தள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷ அனுபவம்!

ஆனால் அதே வீட்டில் நாங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். பழைய அளவிலேயே, அல்லது பத்து சதவீதம் வரை கூட்டிக் கட்டினால் நடைமுறை சுலபம். சரி, பழைய அளவு என்ன? நான் போனபோது புகைபோக்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த அஸ்திவாரத்தைச் சுற்றி டேப் பிடித்தேன். வரிப் பதிவேட்டில் ஓர் அளவு, நான் அளந்ததில் இன்னொன்று. பின்பக்கத் திண்ணையை எப்போதோ அடைத்து அறையாக்கியிருக்கிறார்கள். “அவர்தான் கட்டினார், அனுமதி வாங்கினாரா தெரியாது” என்கிறார் அந்த அம்மா. அவருடைய கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். அந்த அறையைக் கணக்கில் சேர்ப்பதா என்று எந்த மென்பொருளிடம் கேட்பது? கவுன்டரில் உட்கார்ந்திருந்த அதிகாரிதான் பழைய வான்வழிப் படம் கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார். இன்ஷூரன்ஸ் பணம் தனிக் கதை, அதைத் தொடங்கினால் தபால் எடை கூடிவிடும்.

அப்புறம், காற்றுத் துவாரம். இங்கே பல வீடுகள் பற்றியது நேரடித் தீயால் இல்லை. பறந்து வந்த கங்கு பரண் துவாரம் வழியே உள்ளே போய்விடும். அதனால் சல்லடைக் கண் 1/8 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. படத்தில் எழுதியிருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். தச்சர் கடையில் எந்த வலையை வாங்கினார் என்று ஏணி போட்டு ஏறினால்தான் தெரியும்.

அங்கே தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுக்கும் சுயசான்றுத் திட்டத்தைப் பற்றி நீ எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும். ஆன்லைனில் உடனே அனுமதி. சின்ன வீட்டுக்கு அதுவே போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒன்று சொல்: நீ அப்படி வாங்கிக்கொடுத்த வீடுகளில், காகிதத்தில் விட்ட பக்கவாட்டு இடைவெளி தரையில் எத்தனையில் இருக்கிறது? மழுப்பாமல் எழுது.

கல்யாண ஃபோட்டோ அனுப்பு. உன் வீட்டு மாடிப்படி இன்னும் அதே செங்குத்தாகத்தான் இருக்கிறதா? டிசம்பரில் வருகிறேன். என் முழங்கால் இப்போது பழையபடி இல்லை, கீழ் அறையைக் காலியாக வை.

அன்புடன்,
முத்து