டப்பாவில் திரிபின் பெயர் எங்கே? வாய்நல புரோபயாட்டிக் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஈறு நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் பல் மருத்துவர். சென்ற வாரம் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள பாக்டீரியா அடங்கிய, மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "மூன்று மாதமாக இதைச் சப்பிக்கொண்டிருக்கிறேன் டாக்டர். இனிப் பல் சுத்தம் செய்ய வேண்டாம்தானே?" கீழ்க் கடைவாய்ப் பல்லருகே ஈறின் ஆழம் பார்க்கும் புரோபை இறக்கினேன். மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது ஏழு வரை போனது. வெளியே எடுத்தபோது நுனியில் ரத்தம். டப்பாவின் மேல் 'நல்ல பாக்டீரியா' என்று இருந்தது. எந்த இனம், அந்த இனத்துக்குள் எந்தத் தனி வகை, அதாவது எந்தத் திரிபு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்; இல்லை.

ஒரு பாக்டீரியாவைக் கொண்டு இன்னொன்றை ஒடுக்கும் இந்த அறிவியல் மீது எனக்குக் கோபம் இல்லை. ஈர்ப்பே உண்டு. இடத்துக்கும் இரைக்கும் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்போது வீசும் பெப்டைடுகளே, அதாவது குட்டிப் புரதங்களே, பாக்டீரியோசின்கள். பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் நைசினில் இருப்பவை வெறும் 34 அமினோ அமிலங்கள். எதிரி செல்லின் சுவருக்குச் செங்கல் சுமந்து வரும் லிப்பிட் 2 மூலக்கூறை அது பிடித்துக்கொள்கிறது, கட்டுமானம் நின்றுபோகிறது. பிடித்த பிடியை விடாமல் அங்கேயே சவ்வையும் துளைக்கிறது. செல் ஒழுகிச் சாகிறது. உணவு கெடாமல் காக்க ஈ234 என்ற எண்ணில் நெடுங்காலமாகப் புழங்குவது இதுதான். பல்லில் கறை படிய வைத்து, நாக்கின் சுவையையும் மாற்றிவிடும் கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தான குளோர்ஹெக்சிடினை எழுதித் தந்து சலித்த எனக்கு, ஆள் பார்த்து அடிக்கும் ஆயுதம் வருமென்றால் ஆசை இருக்காதா?

ஆனால் ஆய்வகத் தட்டில் வெல்வது வேறு, நோயால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகிவிட்ட இடுக்கான ஈற்றுப் பைக்குள் வெல்வது வேறு. அங்கே குடியிருக்கும் ஈறு நோய்க் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், இரட்டைச் சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் வகை. லிப்பிட் 2 இருக்கும் உள்சவ்வுக்கு மேல் இன்னொரு சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. நன்கு சுத்திகரித்த நைசினைப் போதிய அளவில் கொடுத்தபோது இதன் வளர்ச்சியும் ஆய்வகத்தில் தடைபட்டது உண்மை. நீங்கள் விற்பதோ பெப்டைடை அல்ல, அதைச் சுரக்கக்கூடும் என்று நம்பப்படும் பாக்டீரியாவை. வாய்க்குள் அது எவ்வளவு சுரக்கிறது? சுரந்தது பைக்குள் இறங்குகிறதா? உள்ளேயிருந்து திரவம் ஓயாமல் கசிந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கொப்பளிக்கும் மருந்தே அந்த ஆழத்துக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் ஜிஞ்சிவாலிஸின் புரதம் வெட்டும் ஜிஞ்சிபெயின் நொதிகள் காத்திருக்கின்றன. ஜிஞ்சிவாலிஸ் சர்க்கரையை நம்பி வாழ்வதில்லை, புரதத்தை நறுக்கித் தின்று வாழ்கிறது. நம் உடம்பு சுரக்கும் காவல் பெப்டைடான எல்எல்-37 கூட அந்தக் கத்தரிக்குத் தப்புவதில்லை. அனுப்பிய படையே எதிரிக்குத் தீனி ஆகலாம்.

திரிபின் பெயரை நான் ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன் என்று தோன்றலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் ஆராய்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் கே12 திரிபைப் பாருங்கள். அது சாலிவாரிசின் வகைப் பெப்டைடுகளைச் சுரப்பதற்கான மரபணுக்கள் ஒரு பெரிய பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ துண்டில், இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மிட் இல்லாத இன்னொரு சாலிவேரியஸ், பெயரளவில் அதே இனம்தான்; ஆயுதம் மட்டும் கையில் இருக்காது. கே12 மீது ஆர்வம் எழுந்ததும் தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸை அது ஒடுக்கியதால்தான். தொண்டைக்கான சான்றைக் காட்டி ஈறுக்கு விற்பது நியாயமா?

ஆகவே, திரிபின் முழுப் பெயரையும், காலாவதி நாளில் உயிரோடு இருக்கும் எண்ணிக்கையையும் டப்பாவில் அச்சிடுங்கள். தனி ஒரு கிருமியின் மீதல்ல, நோயாளியின் பல்லிலிருந்து எடுத்த பல இனங்கள் கலந்த படலத்தின் மீது சோதியுங்கள். யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் இனிப்பு என்று அளப்பவருக்கே தெரியாத ஆய்வில் பை ஆழத்தையும் ரத்தக் கசிவையும் அளந்து, சாதகமாக வராவிட்டாலும் வெளியிடுங்கள். கெட்டியான பற்காரையை இந்த மாத்திரை அகற்றாது என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இருந்திருந்தால் பெரியவர் மூன்று மாதம் முன்பே வந்திருப்பார்.

அவருடைய பல் வேரிலிருந்து அன்று நான் சுரண்டி எடுத்த காரை கறுத்து, மணல் துகள்போல் நறநறத்தது. எழுந்து போகும்போது, "மாத்திரையைத் தொடரலாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் விவரம் இல்லை. அடுத்த மாதம் மீண்டும் வருகிறார். அதற்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்