சங்கரிக்கு, அம்பாசமுத்திரத்திலிருந்து

அன்பு மகள் சங்கரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மழை விடாமல் பெய்கிறது, மணிமுத்தாறு அணைக்குத் தண்ணீர் நன்றாக வருகிறது. சரி, எழுத உட்கார்ந்தது உன் நடையைப் பற்றி.

நீ எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் மலை ஏறி இறங்கியதும், நடந்த வழியைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பில் அந்த ஆரஞ்சுக் கோடு வந்துவிடுகிறது. 251 மீட்டர்தான், பொதிகை அடிவாரத்தில் பிறந்தவளுக்கு அது குன்று. ஆனாலும் அந்தக் குளிரில் வேலை முடிந்து வந்து ஏறுகிறாயே, சர்வேயர் மகள் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அங்கே இப்போது நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் மூணே முக்காலுக்கே சூரியன் இறங்கிவிடும். உன் கோடு ஆறு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. குளிரில் போன் பாட்டரி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். பவர் பேங்க்கை உள்சட்டைப் பையில் வை. டார்ச் தனியாக இருக்கட்டும், போன் வெளிச்சத்தை நம்பாதே. அப்புறம், யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

முன்பெல்லாம் டடிங்ஸ்டன் ஏரி அன்னங்களைப் படம் எடுத்துப் போடுவாய். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டுவாள். இப்போது கிலோமீட்டரும் நிமிடமும் மட்டும்தான் வருகிறது. வேகமும் கூடியிருக்கிறது. அந்த ஆப் ஒவ்வொரு ஏற்றத்தையும் துண்டு போட்டு, யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று வரிசைப்படுத்துகிறது. அதைப் பிடிக்கத்தான் ஓடுகிறாயா? உச்சிப் பாறை ஆள் நடந்து நடந்தே வழவழப்பாகிவிட்டது என்று நீதான் சொன்னாய். மழை ஈரத்தில் அதில் என்ன அவசரம் அம்மா?

மாப்பிள்ளையும் கூட வந்த நாட்களில் ஆப் தானாகவே இரண்டு பேரையும் சேர்த்துப் போடும். கொஞ்ச நாளாக உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு வேலை அதிகமாக இருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தனியாகப் போகிறவள் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வசந்தத்தில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்குப் போகப் போவதாக எழுதியிருந்தாய். அது 1,345 மீட்டர், விளையாட்டல்ல. 2021-இல் அங்குள்ள மலையேற்ற அமைப்புகளே எச்சரித்த விஷயம் இது: உச்சிக்குப் போக கூகுள் மேப்பில் வழி கேட்டால், உச்சிக்குக் கிட்டத்தில் இருக்கும் கார் நிறுத்தத்தைக் காட்டி, அங்கிருந்து மேலே ஒரு புள்ளிக்கோடு போட்டதாம். செங்குத்தான பாறைச்சரிவு, பாதையே கிடையாது. கோடு இருந்தால் வழி இருக்கும் என்று நம்பிவிடாதே. அந்த ஊர் அரசு சர்வே துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மேப்பை டவுன்லோடு செய்து, கன்டூர் கோடுகளை, அதாவது ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார். அவை நெருங்கி வந்தால் செங்குத்து. உனக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோப்ளேன் மோடு போட்டுவிடு. ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், சார்ஜும் நிற்கும். அங்கே அவசர உதவி எண்ணான 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியும் உதவி கேட்கலாமாம். ஆனால் 'ரெஜிஸ்டர்' என்று அனுப்பி முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். இன்றைக்கே பதிந்துவிடு.

இன்னொன்று. முன்பு உன் கோடு நியூவிங்டன் பக்கமிருந்து ஆர்தர்ஸ் சீட் இருக்கும் பார்க்குக்குள் நுழையும். இப்போது போர்ட்டோபெல்லோ கடற்கரைப் பக்கமிருந்து வருகிறது. காலமெல்லாம் புலப்படம் பார்த்தவனுக்கு, கோடு எங்கே தொடங்குகிறது என்றுதான் முதலில் கண் போகும். கடற்கரைப் பக்கம் காற்று நன்றாக இருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஸ்ட்ராவாவில் பீக்கன் என்று ஒன்று இருக்கிறதே, நடக்கும்போதே நீ இருக்குமிடத்தை மூன்று பேர் வரை பார்க்கலாமாம். இதுவரை அந்த லிங்க் யாருக்குப் போனதோ, இனி எனக்கு அனுப்பு. நீ ஏறும்போது இங்கே நடுராத்திரி என்று யோசிக்காதே, நான் விழித்துத்தான் இருப்பேன். கீழே இறங்கியதும் ஒரு போன் போடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போடு.

தீபாவளி முறுக்கும் அதிரசமும் டப்பாவில் கட்டி வைத்திருக்கிறாள் அம்மா. திங்கட்கிழமை தபாலில் போடலாம் என்று இருக்கிறேன். பழைய முகவரிக்கே போடட்டுமா, இல்லை வேறு முகவரி தருகிறாயா? அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது.

அன்புடன்,
அப்பா