மீட்டர் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் அடிப்படைக் கல்விச் சட்டங்களைத் திருத்தும் பேலா (BELA) சட்டத்தில் நம் ஜனாதிபதி 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்திட்டார். அது டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் மாகாணக் கல்வித்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளிப் படிப்பின் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையை மதிப்பிட வேண்டும். இதைக் கேட்டதும் பெற்றோர் பதறிக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாடத்திட்டத்தைக் காசு கொடுத்து வாங்குவது?

பதின்மூன்று, பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பொறுத்தவரை எங்கள் எண்ணம் வேறு. எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் எப்படியும் நடந்தாக வேண்டிய ஒரு வேலையை முழுதாக அவர்கள் பொறுப்பில் விடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் டிசம்பர் நீண்ட விடுமுறையில் இது ஒத்துவரும்.

‘முழுதாக’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். வெங்காயம் நறுக்கிக் கொடு, பையைத் தூக்கிக்கொண்டு வா என்பதெல்லாம் எடுபிடி வேலை. அதில் கை பழகும், புத்தி பழகாது. என்ன வாங்குவது, எவ்வளவு செலவு, எப்போது தொடங்குவது, கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற நான்கையும் பிள்ளையே தீர்மானித்தால்தான் அது அவன் வேலை, அவள் வேலை.

முதல் வேலையாக மின்சாரத்தைச் சொல்வோம். நம் வீடுகள் பலவற்றில், முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய டோக்கன் எண்ணை அழுத்தினால் ஓடும் ப்ரீபெய்ட் மீட்டர்தான். மாதத்துக்கு ஒதுக்கும் மின்சாரப் பணத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, டோக்கன் வாங்குவதையும் இருபது இலக்கத்தை அழுத்துவதையும் கணக்கு வைப்பதையும் விட்டுவிடுங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட்-மணிக்கு, எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 1,000. ஆனால் 800, 1,600 என்றும் உண்டு, ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டும். 1,000 என்றால், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று அளந்து, 3.6-ஐ அதனால் வகுத்தால் அந்த நொடியில் வீடு இழுக்கும் கிலோவாட் கிடைத்துவிடும். 1.8 வினாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 2 கிலோவாட். ஒரு சிமிட்டலை மட்டும் அளந்தால் கைத்தடுமாற்றமே பாதிக் கணக்கைத் தின்றுவிடும். இருபது சிமிட்டலை அளந்து இருபதால் வகுக்கச் சொல்லுங்கள்.

கெட்டிலில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துச் சோதிக்கலாம். 20 டிகிரித் தண்ணீர் கொதிக்க 335 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் கெட்டில் என்றால் 168 வினாடி. கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் காட்டும். மீதி எங்கே போனது என்று பிள்ளையே தேடட்டும்: கெட்டிலின் உடம்பு சூடானது, ஆவி போனது, கொதித்த பிறகும் ஸ்விட்ச் விழச் சில வினாடி எடுத்தது.

அடுத்தது கீசர். வீட்டில் அதிகம் சண்டை நடப்பது இதைப் பற்றித்தான், சரியான கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. 150 லிட்டர் தொட்டியை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட். 3 கிலோவாட் எலிமென்டுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 21 ரேண்ட். உண்மையான விலையைப் பிள்ளையே டோக்கன் துண்டில் உள்ள தொகையை யூனிட்டால் வகுத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பகலில் கீசரை அணைத்து வைத்தால் பாதிச் செலவு மிச்சம் என்று பல அப்பாமார் அடித்துச் சொல்வார்கள். அது சரியா என்று இரண்டே இரவில் பார்த்துவிடலாம். முதல் இரவு கீசரும் ஃபிரிட்ஜும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் இரவு கீசர் பிரேக்கரையும் கீழே இறக்கிவிட்டு அதே இரண்டு நேரங்களில் குறிக்க வேண்டும். முதல் இரவுச் செலவில் இரண்டாம் இரவுச் செலவைக் கழித்தால் வருவது, யாரும் தொடாமலே தொட்டி இழந்த சூடு. ஒரு மணி நேரம் அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் குறுகிய நேரக் கணக்கு ஏமாற்றும். இன்னொரு கோளாறும் உண்டு. ஒன்பதரைக்கு யாராவது குளித்திருந்தால் பத்து மணிக்கும் தொட்டி மறுபடி சூடாகிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்து எண்ணிவிடுவோம். ஆகவே எட்டு மணிக்குப் பிறகு வெந்நீர்க் குழாயை யாரும் திறக்கக்கூடாது.

சாதாரணத் தொட்டியில் இந்த வித்தியாசம் ஒரு யூனிட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ நிற்கும். அதாவது அணைத்து வைப்பதால் மிச்சமாவது இந்தச் சிறு இழப்பில் ஒரு பங்குதான். குளித்த தண்ணீரைச் சுடவைக்கும் யூனிட்டை எப்போதானாலும் கொடுத்தே ஆகவேண்டும். வித்தியாசம் இரண்டு யூனிட்டைத் தொட்டால் வெந்நீர்க் குழாய் எங்கோ சொட்டுகிறது, அல்லது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுக் குழாய் ஒழுகுகிறது என்று தேடலாம். பிரேக்கரை ஏற்றி இறக்குவதோடு பிள்ளையின் கை நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியைத் திறப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. காசு மிச்சம் என்று சூட்டை 60-லிருந்து வெகுவாக இறக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

உண்மையில் யூனிட்டை விழுங்குவது ஷவர். 20 லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர். 20 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்றிய தண்ணீரில் எட்டு நிமிடம் நின்றால் 1.86 யூனிட். எந்த வீட்டிலும் அதிக நேரம் ஷவரில் நிற்பது கணக்கெடுக்கும் அதே பிள்ளைதான். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டரோடு சேர்ந்த ஒரு நல்ல கணக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2024 நவம்பர் 24-க்குள் எல்லா ப்ரீபெய்ட் மீட்டரிலும் கூடுதலாக இரண்டு எண்களை அழுத்தச் சொன்னார்கள் அல்லவா? டோக்கனுக்குள் 1993 ஜனவரி 1 முதல் ஓடிய நிமிடங்களின் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட். ஆகவே 2-இன் 24-ஆம் அடுக்கான 1,67,77,216 நிமிடத்தோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். 1,440-ஆல் வகுத்தால் 11,650 நாளும் சொச்சமும். 1993 ஜனவரி 1 முதல் அத்தனை நாளை எண்ணிக்கொண்டு போனால் சரியாக நவம்பர் 24-இல் நிற்கும். பிள்ளை டிசம்பர் 2 என்று விடை சொன்னால் திருத்த வேண்டாம், லீப் ஆண்டுகளை மறந்திருக்கிறான். எட்டு நாள் ஏன் பிசகுகிறது என்று அவனே ஒரு நாள் கண்டுபிடிப்பான்.

கடைச் சீட்டு இரண்டாவது வேலை. வாரச் சாமானை வாங்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, வந்த சீட்டில் 15 விழுக்காடு வாட் வரி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், சமையல் எண்ணெய், பால், முட்டை, காய்கறி, பழம், பிரவுன் பிரெட், மக்காச்சோள மாவு ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு, ஆனால் வெள்ளை மாவுக்கு 2019 ஏப்ரல் முதல் இல்லை. உருளைக்கிழங்குக்கு இல்லை, அதையே சிப்ஸாக வறுத்து விற்றால் உண்டு. மசாலாத் தூளுக்கு உண்டு. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள்: வரி சேர்ந்த விலையை 0.15-ஆல் பெருக்குவார்கள். 115 ரேண்ட் பொருளுக்கு 17.25 என்று வரும், சீட்டிலோ 15 என்று இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. வரி சேர்ந்த விலையை 15-ஆல் பெருக்கி 115-ஆல் வகுக்க வேண்டும்.

சமையலில் வாரத்துக்கு ஒரு இரவுச் சாப்பாடு போதும், ஆனால் பாத்திரம் கழுவுவது வரை. பீன்ஸ் கறி நல்ல தொடக்கம். ஆறு பேருக்கு ராஜ்மா போன்ற காய்ந்த சுகர் பீன்ஸ் அரைக் கிலோ, மூன்று மடங்கு தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். காலையில் மறந்தால் இரவில் கறி இல்லை. அதைவிட நல்ல பாடம் கிடையாது, அவசரத்துக்கு டின்னைத் திறந்து காப்பாற்றாதீர்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். இந்த வகை பீன்ஸில் வயிற்றைக் கலக்கும் ஒரு நச்சு இருக்கிறது, அது கொதியில்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதற்குப் போதாது. கரண்ட் போகும் நாளில் கொதித்த பாத்திரத்தைச் சூடு ஆறாமல் துணிப் பொதிக்குள் வைத்துச் சமைப்பவர்களும் இந்தப் பத்து நிமிடத்தை அடுப்பிலேயே முடித்துவிட வேண்டும். தக்காளியையும் புளியையும் பீன்ஸ் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் புளிப்பு தோலை இறுக்கிவிடும், எத்தனை நேரம் வைத்தாலும் கடுக்கென்றே இருக்கும். லெனேசியாவில் இருக்கும் ஆயா வீட்டில் அதே பீன்ஸ் வேக அதிக நேரம் எடுக்கிறதே என்று பிள்ளை கேட்டால், ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் மேலே என்பதையும் அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் சொல்லலாம். கேட்கும்வரை சொல்ல வேண்டாம்.

குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் மக்களுக்கு 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு தேக்கரண்டி, கலக்கி இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும், அழுக்கு ப்ளீச்சைத் தின்றுவிடும்.

பஞ்சாங்கத்தையும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று சொன்னால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நம் வீடுகளில் தொங்குவது பெரும்பாலும் இந்தியாவில் கணித்த நாள்காட்டி. திதி முடியும் நேரத்தில் மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் நம் நேரம் வரும். ஜனவரியில் அங்கே காலை 8 மணி வரை உள்ள திதி இங்கே அதிகாலை 4.30-க்கே முடிந்துவிடும், டர்பனில் சூரியன் உதிப்பது ஐந்துக்குப் பிறகு. சூரிய உதயத்தில் நிற்கும் திதியை வைத்து நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு நாளே மாறிப்போகும். ராகு காலத்தில் மூன்றரை மணியைக் கழிப்பது தவறு. அது உள்ளூர்ப் பகலை எட்டாக வகுப்பது. டிசம்பரில் டர்பன் பகல் சுமார் 14 மணி நேரம், ஒரு பங்கு ஒன்றே முக்கால் மணி. ஜூனில் பகல் பத்தே கால் மணிதான், பங்கு ஒன்றே கால் மணிக்குச் சற்றுக் கூட. தை பிறந்து சூரியன் வடக்கே திரும்பினால் இந்தியாவில் பகல் நீளும், நமக்கோ குறையும். ஏன் என்று பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டால் கோயிலில் பதில் கிடைக்காமல் போகலாம். ஒரு ஆரஞ்சுப் பழமும் டார்ச்சும் இருந்தால் வீட்டிலேயே கிடைக்கும். அப்படியே சோலார் தகடுகளை இங்கே ஏன் வடக்கு நோக்கி வைக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

இவ்வளவையும் கெடுப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்பது முதல் குற்றம். “சரி, இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த மாதம் மீட்டர் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். பாதியில் பிடுங்கிக்கொள்வது இரண்டாவது. டோக்கன் தீர்ந்து வீடு இருண்டால் இருளட்டும், அடுத்த முறை இருபது யூனிட் மிச்சம் இருக்கும்போதே வாங்குவார்கள். காலை ஏழு மணிக்கு எழுப்பி வேலை வாங்குவதும் வீண். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. கணக்கு வேலைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டாளரிடம் காட்ட ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வேண்டும். டோக்கன் துண்டு, கடைச் சீட்டு, இரவு பத்து மணி, காலை ஆறு மணி மீட்டர் அளவுகள் எல்லாவற்றையும் தேதியோடு ஒட்டிக் கணக்கைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தவறாகப் போட்ட கணக்கை அழிக்க விடாதீர்கள், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே சரியானதை எழுதட்டும். கடைச் சீட்டின் மை சில மாதங்களில் வெளுத்துப்போகும், பசை பட்டால் அதைவிடச் சீக்கிரம் போகும். ஒட்டுவதற்கு முன் நகல் எடுத்து, நகலை ஒட்டவும்.

இப்படிக்கு,
வீட்டுக் கல்வி நடத்தும் பெற்றோர் சிலர்
சாட்ஸ்வொர்த், டர்பன்