நான்கு 'எதுவரைக்கும்'

கிறிஸ்துவுக்குள் பிரியமான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் ஆபரேஷன் தள்ளிப்போனதும் உன் வேலை போனதும் ஒரே மாதத்தில் வந்து விழுந்திருக்கிறது. ஆறுதல் வார்த்தைகள் இதற்குள் வீடு நிறையக் குவிந்திருக்கும், நான் வேறு சேர்க்கவில்லை. "முழங்கால் போட்டால் வாய் வரவில்லை, வந்தாலும் முறையீடாகத்தான் வருகிறது, இது அவிசுவாசமா?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

முறையிடுவது அவிசுவாசம் என்றால் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கிழித்துப்போட வேண்டிவரும். 150 சங்கீதங்களில் அவ்வளவு புலம்பல் இருக்கிறது. நாம் 23, 91, 121 என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். 88-ஆம் சங்கீதத்தின் பக்கம் யாரும் நம்மைக் கூட்டிப்போகவில்லை.

முதலில் 13-ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று நேருக்கு நேர் கேள்வி. 3, 4-ஆம் வசனங்களில் விண்ணப்பம், அதுவும் காரணத்தோடு: நீர் இதைச் செய்யாவிட்டால் இன்னது நடந்துவிடும் என்று வழக்காடுவதுபோல. அதற்குப் பிறகுதான், 5-ஆம் வசனத்தில், "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறான் தாவீது. வரிசையைக் கவனி. நாம் முதல் நான்கு வசனத்தைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் போய் நிற்கப் பார்க்கிறோம். உள்ளே ஒன்று, வாயில் ஒன்று என்று ஆகிவிடுவதால்தான் ஜெபம் வறண்டுபோகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரு தாள், பதினைந்து நிமிடம். படுக்கையில் வேண்டாம், தூங்கிவிடுவாய், இல்லையென்றால் கவலை ஜெபத்தின் வேஷம் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசி. பிறகு உன் வார்த்தையில் எழுது: யாரைக் கூப்பிடுகிறாய், என்ன முறையீடு, என்ன வேண்டும், இன்னும் எதை நம்புகிறாய். முறையீட்டில் "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் மனம் இளகாது. "சீட்டில் எழுதின மருந்தில் பாதிதான் வாங்கினேன், அப்பாவிடம் முழுவதும் வாங்கினதாகச் சொன்னேன்" என்கிற அளவுக்கு இறங்கி எழுது. விண்ணப்பம் அன்றைக்கு ஒன்று போதும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கேட்டால் எழுந்திருக்கும்போது பாரம் கூடித்தான் இருக்கும். 'அன்றன்றுள்ள அப்பம்' என்று ஆண்டவர் கற்றுக்கொடுத்ததே அந்த அளவுதான்.

கடைசிப் பகுதி, அந்த நம்பிக்கை வரி, வராவிட்டால் காலியாக விடு, இழுத்து வராதே. 88-ஆம் சங்கீதம் 18 வசனமும் ஓடி, நம்பிக்கை வரி ஒன்றும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. ஆனால் அது தொடங்குவது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று. கூப்பிடுகிற பெயரிலேயே விசுவாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அது போதும். ஒரே சங்கீதத்தை ஒரு வாரம் வைத்துக்கொள், தினம் ஒன்று மாற்றாதே. சொன்னதையே சொல்கிறோமே என்று கூசவும் வேண்டாம்: கெத்செமனேயில் ஆண்டவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லி ஜெபித்தார்.

வேத வசனம் ஒன்றை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உனக்கு எப்படியும் யாராவது எரேமியா 29:11 அனுப்பியிருப்பார்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தையும் வாசி, எழுபது வருஷம் என்று இருக்கிறது. 5-ஆம் வசனம், சிறைப்பட்டுப்போன பாபிலோனிலேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால், அடுத்த மாதம் சரியாகாதபோது வசனமே பொய் என்று தோன்றும். நீண்ட காத்திருப்புக்குள் சமைத்துச் சாப்பிட்டு வாழ்வதற்குக் கொடுத்த வாக்கு அது. அப்படிப் பிடித்தால் தாங்கும்.

வருகிறவர்களில் ஒருவர் "ஏதாவது பாவம் மறைந்திருக்கிறதா பார்" என்பார். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான், வாயைத் திறந்ததில்தான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கடிந்துகொள்வது அவர்களைத்தான், அத்தனை முறையிட்ட யோபுவை அவர்களுக்காக ஜெபிக்கவும் வைக்கிறார். அப்படி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு, வாதம் செய்யாதே. அதற்குப் பதிலாக, பேசாமல் கூட இருக்கத் தெரிந்த இரண்டு பேரை நீயே தேர்ந்தெடுத்துக் கூப்பிடு. "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "செவ்வாய்க்கிழமை அப்பாவோடு ஒரு மணி நேரம் இருக்கமுடியுமா" என்று கேள், வருவார்கள்.

உடம்பை விட்டுவிடாதே. சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று தீர்க்கதரிசி எலியா படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தின்றுவிட்டு மறுபடி படுத்தான், இரண்டாம் தரமும் அதேதான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் டாக்டரைப் பார். எலியாவைப்போல செத்தால் தேவலை என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு போ. மாத்திரை போட்டால் விசுவாசம் குறைச்சல் என்பவர்களுக்கு, அப்போஸ்தலன் பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன் என்பதை ஞாபகப்படுத்து.

ராத்திரிக்கு ஒன்று. துறவி பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதின மடத்து ஒழுங்கில், படுக்கப்போகுமுன் சொல்ல தினமும் மாறாத மூன்று சங்கீதங்களை வைத்தார்: 4, 91, 134. மூன்றும் அதிகமாகத் தெரிந்தால் 4-ஐ மட்டும் மனப்பாடம் செய். எட்டு வசனம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனைத் தொடாமல் இருட்டிலேயே சொல்லலாம்.

ஆபரேஷனுக்குப் புதுத் தேதி கொடுத்ததும் எழுது. அன்றைக்குக் காத்திருக்கும் அறையில் உட்கார நான் வருகிறேன். பேசமாட்டேன்.

உன் அன்பு நண்பன்